சப்ஜெக்ட் கட்டத்தில் எழுதுகிறவர்

குளச்சல்
13 செப்டம்பர் 2008

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் மெயில் நேற்று வந்து சேர்ந்தது. சேர்ந்தது என்று சொல்லக் கொஞ்சம் யோசனையாகத்தான் இருக்கிறது. நீங்கள் எப்போதும் போல முழுக் கடிதத்தையும் சப்ஜெக்ட் கட்டத்துக்குள்ளேயே எழுதிவிட்டு, கடிதம் எழுதவேண்டிய பெரிய கட்டத்தைச் சும்மா விட்டு அனுப்பியிருக்கிறீர்கள். என் கம்ப்யூட்டரில் அது இப்படித் தெரிகிறது:

"ஏட்டி பெபி கம்பெனிக்காரன் கண்ட்ராக்ட் பேப்பர தந்துட்டான் யோசிச்சிட்டு இருக்கேன் வேற ஒண்ணுமில்ல ????????????????????????????????????????? அவ்வளவுதான்"

வேறு ஒன்றுமில்லை என்பதற்கும் அவ்வளவுதான் என்பதற்கும் நடுவில் ஒரு முழ நீளத்துக்குக் கேள்விக்குறி. வேறு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு இவ்வளவு எழுதுகிற ஆள் நீங்கள் ஒருத்தர்தான். அந்த முழத்துக்குள் என்ன இருந்தது? அதை மட்டுமாவது பெரிய கட்டத்தில் திரும்ப எழுதி அனுப்புங்கள்.

அந்தப் பேப்பரைப் பற்றி எனக்கும் சொல்ல இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருஷம். போடாவிட்டால் ஜனவரி கடைசியில் நீங்கள் வீட்டில். ரசலையன் அண்ணன் துறைமுகத்துப் பக்கம் போட்டிருக்கும் இஞ்சின் ஒர்க்‌ஷாப்பில் ஆள் போதாமல் தவிக்கிறார். போட் இஞ்சினின் சத்தத்தைக் கேட்டே நோவு சொல்லுகிற பயல் பெனின்தான், அவன் வந்தால் பாதிக் கடை அவனுக்கு என்று என்னிடமே சொன்னார். மாமிக்கு மட்டும் மாடி கட்டி முடிக்கவேண்டும் என்ற ஒரே நினைப்பு. வெள்ளிக்கிழமை நீங்கள் போன் செய்தால் மாமி பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்லுவார்கள். நீங்கள் 'ம்' என்பீர்கள், நானும் 'ம்' என்பேன். இந்த லட்சணத்தில் புருஷனும் பெண்டாட்டியும் எதைப் பேசி முடிவெடுப்பது?

கல்யாணம் முடிந்து நாம் சேர்ந்து இருந்தது உங்களுடைய ஒரே ஒரு லீவு. எனக்கு நீங்கள் வரவேண்டும். இதை எந்தக் கட்டத்தில் எழுதினாலும் உடையாது என்று நினைக்கிறேன்.

கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகள் வந்து காத்திருக்கும், பாடம் எடுக்கப் போகிறேன்.

உங்கள்
பெபிஷா


தம்மாம்
19 செப்டம்பர் 2008

அன்புள்ள பெபிஷாவுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமா? நீ சொன்னபடி பெரிய கட்டத்தில் எழுதுகிறேன். இங்கே வெயில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. நேற்று மீன் இருந்தது.

பெரிய கட்டத்தில் எழுதினால் எனக்கு இப்படித்தான் வரும். காரணம் நம் ஊர் ததேயுஸ் என் தோளுக்குப் பின்னால் நிற்கிறான். வெள்ளிக்கிழமை ஆனால் எங்கள் கேம்ப் முழுவதும் இந்த ஒரு நெட் கடையில்தான் கிடக்கும். எனக்கு அடுத்த முறை அவனுடையது. சப்ஜெக்ட் கட்டம் ஒரு விரல் உயரம்தான் இருக்கும். எழுத எழுத முன்னால் எழுதினது இடது பக்கம் ஓடி மறைந்துவிடும். பின்னால் நிற்கிறவனுக்கு ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் தெரியாது. எட்டுச் சொல்லை வைத்து அவன் என்ன செய்வான்?

உடைந்த வரியைத் திரும்ப எழுதமாட்டேன். ஒரு தடவை எழுதினதே பெரிய காரியம். கடலில் விழுந்தது என்று நினைத்துக்கொள்.

பேப்பர் என் பெட்டியில்தான் இருக்கிறது. டிசம்பர் முடிவதற்குள் பதில் சொல்லவேண்டும். கையெழுத்துப் போடாமல் வந்தால் ஊரில் என்ன சொல்லுவார்கள் என்று உனக்குத் தெரியும். கல்ஃபில் ஒட்டாமல் ஓடி வந்தவன் என்பார்கள். ரசலையன் அண்ணன் நல்ல மனுஷன்தான், ஆனால் அம்மாவிடம் யார் சொல்லுவது? மொட்டை மாடியில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது, துருப்பிடிக்கிறது என்று அம்மா ஒவ்வொரு போனிலும் சொல்லுகிறாள். அந்தத் துரு என் மேல் பிடிக்கிற மாதிரி இருக்கிறது.

ததேயுஸ் உனக்கு வணக்கம் சொல்லச் சொல்லுகிறான். நான் சொன்னேன் அல்லவா, வாசித்துக்கொண்டுதான் நிற்கிறான்.

இப்படிக்கு
பெனின்


குளச்சல்
5 அக்டோபர் 2008

அன்புள்ள அத்தானுக்கு,

ததேயுஸ் அண்ணனுக்கு என் வணக்கம். இந்தக் கடிதத்தை மட்டும் அவர் இல்லாதபோது படியுங்கள்.

நீங்கள் திரும்ப எழுதமாட்டேன் என்றதும் எனக்கு வீம்பு வந்துவிட்டது. சென்டர் விட்டு வந்து தினமும் இதே வேலையாக இருந்து, உடைவது எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். ஆங்கில எழுத்து ஒன்றுக்குக் கம்ப்யூட்டருக்குள் ஒரு பங்கு இடம் போதும். தமிழுக்கு மூன்று பங்கு வேண்டும். சப்ஜெக்ட் நீளமாக இருந்தால் உங்கள் மெயில்காரன் அதைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்புகிறான். ஏலக்கூடத்தில் சூரை மீனை நறுக்குகிறவன் முள்ளைப் பார்த்துத்தான் கத்தியை வைப்பான். இவன் அளவை மட்டும் பார்த்து வெட்டுகிறான், கத்தி எழுத்தின் நடுவில் விழுகிறது. நான் கடிதம் படிக்கிற மென்பொருளோ ஒவ்வொரு துண்டையும் தனியாக எடுத்துப் படிக்கிறது. அரைகுறை எழுத்தைக் கண்டால் அந்தத் துண்டு முழுவதையும் கேள்விக்குறியாக்கிவிட்டுக் கையைக் கழுவிவிடும். துண்டுகளை முதலில் ஒட்டு, பிறகு படி என்று நான் அதை மாற்றினேன். இத்தனைக்கும் திருத்தம் பத்துப் பன்னிரண்டு வரிதான்.

மாற்றிவிட்டு உங்கள் பழைய மெயிலைத் திறந்தேன். கடலில் ஒன்றும் விழவில்லை அத்தான், எல்லாம் என்னிடம் பத்திரமாகவே கிடந்திருக்கிறது.

"நீ ஒறங்கும்ப காலெத் தூக்கி என் மேல போடுவல்லா அந்தப் பாரம் இல்லாம எனக்கு ஒறக்கம் வரல்ல"

அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை நான் கவனிக்கவில்லை. மாமி வந்து அணைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, காய்ச்சலா என்று கேட்டார்கள். பெரிய கட்டத்தில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று எழுதுகிறவரும் இதை எழுதினவரும் ஒரே ஆள் என்று என்னால் நம்பவே முடியவில்லை.

இன்னொரு சங்கதி. இந்த மென்பொருளை உலகத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எந்த வரியை எடுத்து எந்த வரியைப் போடுவது என்று காட்டி ஒரு துண்டு எழுதி, பொதுவான மெயில் குழு ஒன்றுக்கு அனுப்பவேண்டும். அதற்குப் பேட்ச் என்று பெயர். குழுவில் எல்லாரும் பார்த்து, தடை இருந்தால் சொல்லுவார்கள். கோவிலில் நம் கல்யாண ஓலையை மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசித்து, தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்டாரே, அதே ஏற்பாடுதான். நானும் மூன்று தடவை ஓலை அனுப்பினேன்.

முதல் ஓலை மானத்தை வாங்கிவிட்டது. உள்ளே இருப்பது இன்ன எழுத்து என்று கடிதத்தின் தலைப்பில் சொல்லவேண்டும், நான் சொல்லவில்லை. சீட்டு ஒட்டாத ஐஸ்பெட்டியை லாரியில் ஏற்றின மாதிரி ஆயிற்று. நான் வைத்த தமிழ் வரி வழியிலேயே கெட்டுப்போய்க் கேள்விக்குறியாக இறங்கியது. டென்மார்க்கில் இருக்கும் ஹென்ரிக் என்பவர்தான் இந்த மென்பொருளுக்குப் பொறுப்பு. கேள்விக்குறியை ஒழிக்க வந்த பேட்ச் கேள்விக்குறியாகவே வந்திருக்கிறது, இதை வைத்து நான் என்ன செய்ய என்று கேட்டார். இரண்டாவது தடவை சீட்டு ஒட்டினேன். நடுவில் ஏதோ ஒரு சர்வர் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு எழுத்துக்கும் பதில் சமக்குறியும் எண்ணுமாகப் போட்டுக் கட்டிவிட்டது. மூன்றாவதை ஹென்ரிக் சொன்னபடி மூடிய கோப்பாக இணைத்து அனுப்பினேன். ஒரு புள்ளி குறையாமல் போய்ச் சேர்ந்துவிட்டது.

பேட்ச் வேலை செய்கிறது என்று காட்ட ஒரு மாதிரி வரி வைக்கவேண்டும். உண்மையிலேயே உடைந்த மெயிலாக இருந்தால் நல்லது என்றார்கள். கையில் இருந்ததை வைத்தேன். பயப்படாதீர்கள், அந்தக் குழுவில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது.

பேப்பர் பெட்டியிலேயே இருக்கட்டும்.

உங்கள்
பெபிஷா


தம்மாம்
24 அக்டோபர் 2008

பெபிஷா,

இனி எந்தக் கட்டத்தில் எழுதினால் என்ன, பெரிய கட்டத்திலேயே எழுதுகிறேன்.

ததேயுஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. நெட் கடையில் நேரம் மிச்சமிருந்தால் குளச்சல் என்று தமிழில் அடித்துத் தேடுவான். ஊரில் யார் செத்தது, என்ன திருவிழா என்று பார்ப்பான். அந்தக் குழுவின் கடிதமெல்லாம் நெட்டில் எல்லாரும் பார்க்கக் கிடக்கிறதாம், போன வாரம் தேடினபோது உன் பெயர் வந்திருக்கிறது. கீழே ஊர்ப் பெயரையும் தமிழில் போட்டு அனுப்பினாயாம். அந்தக் கடிதத்துக்கு நடுவில் என் வரி.

அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து மெஸ்ஸில் எழும்பி நின்று வாசித்தான், கோவிலில் வாசகம் வாசிக்கிற மாதிரி. மார்த்தாண்டத்துக்காரன் ஒருத்தன் "மக்கா, பாரம் எத்தன கிலோ வேணும்?" என்று கேட்டான். படுக்கப் போனால் என் கட்டிலில் ஒரு அரிசிச் சாக்கு கிடக்கிறது. ஃபோர்மேன் மலையாளி, அவனுக்கும் அர்த்தம் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். வேலையில் ஏதாவது தூக்கவேண்டுமானால் எல்லாரும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

எட்டுச் சொல்லுக்கு மேல் ஒருத்தன் பார்க்கக்கூடாது என்று ஒளித்து ஒளித்து எழுதினேன். நீ உலகம் முழுவதற்கும் காட்டிவிட்டாய்.

அந்த வரியை எடு. ததேயுஸ் அவன் பெண்டாட்டி சகாயசெல்விக்குச் சொல்லாமல் இருக்கமாட்டான். அவளுக்குத் தெரிந்தால் மைக் வைத்த மாதிரிதான். நான் எந்த முகத்தோடு ஊருக்குள் வந்து ரசலையன் அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் நிற்பேன்? பேப்பரைப் பெட்டியில் இருந்து வெளியே எடுத்துவிட்டேன். கையெழுத்துப் போடத்தான் போகிறேன்.

பெனின்


குளச்சல்
26 அக்டோபர் 2008

அன்புள்ள அத்தானுக்கு,

தப்பு என்னுடையதுதான். தமிழ் தெரிந்தவர் குழுவில் கிடையாது என்று நினைத்தேன், ததேயுஸ் அண்ணனை மறந்துபோனேன். கோபப்படுங்கள், உங்களுக்கு அதற்கு உரிமை இருக்கிறது. ஆனால் அரிசிச் சாக்கை நினைத்து நான் சிரித்துவிட்டேன், அதையும் மறைக்கமாட்டேன்.

குழுவுக்குப் போன கடிதத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஆனால் மென்பொருளுக்குள் உங்கள் வரி இன்னும் போகவில்லை. ஹென்ரிக் நிறுத்திவைத்திருக்கிறார். பேட்சுக்கு நான் கையெழுத்துப் போட்டால் போதும், மாதிரி வரி வேறு ஒருவர் எழுதியது என்றால் அவர் தன் பெயரைப் போட்டுச் சம்மதம் என்று குழுவுக்கு எழுதவேண்டுமாம். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இரண்டு ஓலை தாண்டி, மூன்றாவது ஓலையில் மாப்பிள்ளையே எழும்பித் தடை சொல்லிவிட்டார்.

வரிக்கு அர்த்தமும் கேட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்ததால், போதிய பாரம் இல்லாததால் தூக்கம் வரவில்லை என்று ஒருவர் முறையிடுகிறார் என்று பொத்தாம்பொதுவாக ஆங்கிலத்தில் எழுதினேன். அவர்கள் ஏதோ கம்ப்யூட்டரைப் பற்றிய முறையீடு என்று எடுத்துக்கொண்டார்கள். வேலைப் பாரம் இல்லாவிட்டால்தானே கம்ப்யூட்டர் தூங்கவேண்டும், இது தலைகீழாக இருக்கிறதே, எந்த மாடல் என்று பிரேசிலில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். நீங்கள் எந்த மாடல் அத்தான்?

நீங்கள் வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன். பைபிளில் சங்கீதத்தில் இருந்து ஒரு வசனம் எடுத்து வைத்திருக்கிறேன், அதுவும் சரியான இடத்தில் உடைகிறது. ஒரு வார்த்தை எழுதுங்கள், போதும்.

ஆனால் கோபத்தில் அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள். மாடிக்காகப் போட்டால் புரிந்துகொள்வேன், வெட்கத்துக்காகப் போட்டால் எனக்குப் பொறுக்காது. நாலு பேர் சிரிக்கிறார்கள் என்று இரண்டு வருஷம் என்னை விட்டு இருப்பீர்களா? எனக்கு அந்த வரியில் ஒரு வெட்கமும் இல்லை. என்னைப் பற்றி யாரும் இவ்வளவு நன்றாகச் சொன்னது கிடையாது.

உங்கள்
பெபிஷா


குளச்சல்
16 நவம்பர் 2008

அன்புள்ள அத்தானுக்கு,

பதிலே இல்லை. வெள்ளிக்கிழமை போனிலும் மாமியிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா என்று மாமியிடம் கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை. நான் இதை எழுதுவது என் காரியத்துக்காக மட்டும் இல்லை, மாமி எழுதச் சொன்னார்கள்.

சகாயசெல்வி தன் கடமையைச் செய்துவிட்டாள். நேற்று மாமி மீன் வாங்கப் போன இடத்தில், உங்க மருமகளுக்குக் கால் நல்ல கனமாமே என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்திருக்கிறார்கள். மாமி வாங்கின நெத்திலியைச் சட்டியில் போட்டுவிட்டு, என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, என்ன எழுதினான் என்று கேட்டார்கள். கம்ப்யூட்டரைத் திறந்து வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன்.

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். மாமி நெத்திலியைக் கிள்ள ஆரம்பித்துவிட்டார்கள். கிள்ளிக்கொண்டே சொன்னார்கள்.

"அவனுக்குச் சின்னதிலேயே அப்பிடித்தான் மக்கா. அவனுக்க அப்பன் வலையெ மடிச்சு இவனுக்க காலுக்க மேல போட்டாத்தான் பயலு ஒறங்குவான். வல கடலுக்குப் போற அன்னைக்கு நான் காலெ அமுக்கிப் பிடிச்சிட்டு இருப்பேன்."

எனக்கு இது தெரியாது. நீங்கள் சொன்னதும் இல்லை. அந்த டிசம்பர் சுனாமி அலையில் மாமாவின் வலையும் வள்ளமும் போன பிறகுதானே நீங்கள் கல்ஃபுக்குப் போனீர்கள். மாமியும் அதைத்தான் நினைத்திருப்பார்கள். மீன் கிள்ளின கையாலேயே கண்ணைத் துடைக்கப் போனார்கள், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அங்கே போய் இத்தனை வருஷம் எப்படி உறங்கினானோ, நான் மாடியைப் பற்றித்தான் கேட்டேனே தவிர இதைக் கேட்டது கிடையாது என்று சொன்னார்கள். பிறகு எழும்பிப் போய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, அங்கிருந்தே சொன்னார்கள்.

"மாடி எங்கயும் ஓடிப் போவாது. கம்பி துருப்பிடிச்சா பிடிக்கட்டு. பயல வரச் சொல்லு."

போனில் நீங்களே சொல்லுங்கள் மாமி என்றேன். போனை எடுத்தால் எனக்குக் கம்பிதான் வாயில் வரும், நீ எழுது என்றார்கள். நீங்கள் யாருடைய பிள்ளை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஒருவேளை கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். இரண்டு வருஷத்தையும் நான் இருந்து தீர்ப்பேன், ஆனால் தெரியாமல் இருக்க முடியவில்லை.

உங்கள்
பெபிஷா


தம்மாம்
21 நவம்பர் 2008
மெயில் குழுவுக்கு, நகல் பெபிஷாவுக்கு

ஹென்ரிக் ஐயாவுக்கு வணக்கம்.

எனக்குத் தமிழில்தான் எழுதவரும். இதற்குக் கீழே இருக்கும் ஆங்கிலம் என் கூட்டாளி ததேயுஸ் எழுதினது. அதில் பிழை இருந்தால் அவன் பொறுப்பு.

அந்த வரி நான் எழுதினது. என் மனைவிக்கு எழுதினது. அதை உங்கள் மென்பொருளில் வைத்துக்கொள்ள எனக்குச் சம்மதம். அர்த்தம் சொன்னதில் ஒரு திருத்தம் உண்டு. அது கம்ப்யூட்டரின் பாரம் இல்லை, என் மனைவியின் கால். பிரேசில்காரர் எந்த மாடல் என்று கேட்டதாக அறிந்தேன். மாடல் குளச்சல்.

என் பெயர் உங்களிடம் உடையாமல் வந்து சேர்ந்தால் என் மனைவியின் வேலை சரி என்று அர்த்தம்.

இப்படிக்கு
சி. பெனின்
இஞ்சின் மெக்கானிக், தம்மாம்


தம்மாம்
21 நவம்பர் 2008
பெபிஷாவுக்கு மட்டும், சப்ஜெக்ட் கட்டத்தில். பெரிய கட்டம் காலி.

ஏட்டி பெபி கோவத்துல பேனாவ எடுத்தது நெசந்தான் ஆனா போடல்ல பேப்பர இன்னைக்குத் திருப்பிக் குடுத்துட்டேன் ஜனவரி கடைசியில வாறேன் ரசலையன் அண்ணன்ட்ட சொல்லிரு அம்மைட்ட வல விசயத்த நான் மறக்கல்லன்னு சொல்லு பின்னால ததேயுஸ் நிக்கான் வாசிக்கட்டு அந்த வரிய மாத்தாண்டாம் சங்கீதமும் வேண்டாம் ஆனா ஹென்ரிக்கிட்ட இப்பமே சொல்லி வையி நான் வந்த பெறவு அது பொய்யாப் போவும்